தப்பு செய்தால் தட்டிக் கேட்பது யார்?
அமெரிக்காவிலும் இந்தியாவிலும் ஆட்சியாளர்கள் யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

2023 டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை கூடியிருந்தது. நியூயார்க் உறுப்பினர் ஜார்ஜ் சாண்டோஸைச் சபையை விட்டு வெளியேற்றலாமா என்று வாக்கெடுப்பு. தேர்தலுக்கு வசூலித்த பணத்தைச் சொந்தச் செலவுக்கு வாரி இறைத்தார், படிப்பிலிருந்து வேலை வரை பொய் சொல்லி ஓட்டு வாங்கினார் என்பது அவர் மீதான புகார். எண்ணிக்கை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்ததும் சாண்டோஸ் ஓவர்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, முடிவை அறிவிக்கும் முன்பே வெளியே நடந்துவிட்டார். வெளியேற்ற வேண்டும் என்றவர்கள் 311 பேர். கூடாது என்றவர்கள் 114 பேர். இடம் காலியானதை நியூயார்க் ஆளுநருக்குத் தெரிவிக்கச் சொன்னார் சபாநாயகர் மைக் ஜான்சன்.

சரியாக ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 8. டெல்லியில் மக்களவை. திரிணாமூல் காங்கிரஸின் மஹுவா மொய்த்ரா, நாடாளுமன்ற இணையதளத்துக்கான தன் கடவுச்சொல்லைத் தொழிலதிபர் ஒருவரிடம் கொடுத்தார், கேள்வி கேட்கப் பணமும் பரிசும் வாங்கினார் என்பது புகார். கடவுச்சொல் கொடுத்ததை ஒப்புக்கொண்ட அவர், பணம் வாங்கியதாகச் சொல்வதை மறுத்தார். நெறிமுறைக் குழு அறிக்கை நண்பகலில் தாக்கலானது. பிற்பகலிலேயே விவாதம். அறிக்கையைப் படிக்க அவகாசம் கொடுங்கள், மஹுவாவைப் பேச விடுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டுப் பார்த்தன. 2005-ல் 10 மக்களவை எம்.பி.க்களை வெளியேற்றிய முன்னுதாரணத்தைக் காட்டி சபாநாயகர் ஓம் பிர்லா மறுத்துவிட்டார். எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு செய்ய, குரல் வாக்கெடுப்பில் மஹுவாவின் பதவி பறிபோனது.

இருவரில் யார் யோக்கியர் என்பதல்ல இங்கே விஷயம். சாண்டோஸுக்கு எதிராக விழுந்த 311 ஓட்டுகளில் 105 அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சிக்காரர்கள் போட்டவை. சபாநாயகர் ஜான்சன் உள்படக் கட்சித் தலைவர்கள் வெளியேற்றத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். கட்சிக்கு இருந்ததோ நூலிழைப் பெரும்பான்மை. அப்படியும் 105 பேர் மீறினார்கள். அந்தத் தொகுதி இரண்டரை மாதத்தில் ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறியது.

டெல்லியில் யார் எந்தப் பக்கம் என்று பதிவேட்டில் ஒரு பெயர்கூட இல்லை. குரல் வாக்கெடுப்புக்கு ஏது பதிவேடு? மஹுவாவை வெளியேற்றியது தவறு என்று ஆளுங்கட்சியில் ஒருவர் நினைத்திருந்தாலும், சரி என்று எதிர்க்கட்சியில் ஒருவர் நினைத்திருந்தாலும் அதை அறிய வழியில்லை. ஆறு மாதத்தில் அவருடைய தொகுதியான கிருஷ்ணாநகரின் மக்கள் மஹுவாவையே மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

அதிகாரத்தில் இருப்பவர்களை யார் கேள்வி கேட்பது? நீதிமன்றம், தேர்தல், பத்திரிகை என்று நாம் அடுக்குவோம். இரண்டு நாடுகளின் அனுபவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: சொந்தக் கட்சிக்காரர் ‘இது தப்பு’ என்று சொல்ல முடிகிறதா? சொன்னால் அவருக்கு என்ன ஆகிறது?

பெட்டிச் செய்தி: வெளியே போ!

● அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை இதுவரை வெளியேற்றியது 6 பேரை. மூவர் 1861-ல் உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்றவர்கள். மைக்கேல் மையர்ஸ் (1980), ஜேம்ஸ் டிராஃபிகன்ட் (2002) இருவரும் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள். ஆறாவது ஆள் சாண்டோஸ்.
● வெளியேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2023 நவம்பர் 1-ல் நடந்த முந்தைய முயற்சி தோற்றது.
● இந்தியாவில் 1951-ல் எச்.ஜி.முத்கல் மீது முதல் நடவடிக்கை. வெளியேற்றும் முன் அவரே ராஜினாமா செய்தார்.
● கேள்வி கேட்கப் பணம் வாங்கியது ரகசிய கேமராவில் சிக்கியதால் 2005 டிசம்பர் 23-ல் ஒரே நாளில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தனர்: மக்களவையில் 10, மாநிலங்களவையில் 1.
● இங்கே சாதாரணப் பெரும்பான்மையே போதும்.

கொறடாவும் கட்டை விரலும்

2017 ஜூலை 28, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அமெரிக்க செனட். ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா ஓட்டுக்கு வந்தது. அதிபர் ட்ரம்ப்பின் முதல் பெரிய வாக்குறுதி அது. மூளைப் புற்றுநோய் என்று சில நாட்களுக்கு முன்புதான் தெரிந்திருந்த குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார். கட்டை விரலைக் கீழே கவிழ்த்தார். சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி என்ற இரு குடியரசுக் கட்சிப் பெண் செனட்டர்கள் ஏற்கெனவே எதிர்ப்பில் இருந்தார்கள். மசோதா 49-க்கு 51 என்று தோற்றது.

இதே காரியத்தை ஒரு தமிழக எம்.பி.யோ பீகார் எம்.பி.யோ செய்திருந்தால்? கொறடாவை மீறியதற்காக எம்.பி. பதவியே போயிருக்கலாம்.

1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டே வாரத்தில் மூன்று முறை கட்சி மாறியதில் பிறந்தது ‘ஆயாராம் கயாராம்’ அரசியல். அதை ஒழிக்க ராஜீவ் காந்தி 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தார். நல்ல நோக்கம்தான். ஆனால், அரசைக் கவிழ்க்கும் ஓட்டுக்கும் சாதாரண மசோதா மீதான ஓட்டுக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்கவில்லை. கொறடா உத்தரவு வந்தால் கை தூக்க வேண்டியதுதான். நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்திக்கொள்ளலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே பரிந்துரைத்தது. எந்த ஆட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தாவலையாவது சட்டம் தடுத்ததா? தீர்ப்பு சொல்லும் அதிகாரம் சபாநாயகர் கையில் இருப்பதால் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. தமிழ்நாடே சாட்சி. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள் ஓ.பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 எம்.எல்.ஏ.க்கள். அவர்களுடைய பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்னீர்செல்வம் துணை முதல்வரே ஆனார். முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு மட்டும் கொடுத்த தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 18 பேரின் பதவியை அதே ஆண்டு செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தனபால் பறித்தார்.

இதன் விளைவு சபைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. 2020 செப்டம்பர் 20-ல் வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன. எண்ணி ஓட்டெடுப்பு நடத்தச் சொன்னார்கள் எதிர்க்கட்சியினர். கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. நாடாளுமன்றக் குழுவுக்கும் அனுப்பவில்லை. ஆளுங்கட்சி எம்.பி.க்கள் எதிர்த்து வாய் திறக்கவில்லை. அங்கே எழாத கேள்வி டெல்லி எல்லையில், சிங்கு, டிக்ரி, காஜிபூர் சாலைகளில் டிராக்டர்களோடு வந்து உட்கார்ந்தது. ஓராண்டுக்கு மேல் போராட்டம். 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் ரத்தாயின. அந்த ரத்து மசோதாவும் விவாதமே இல்லாமல் நிமிடங்களில் முடிந்தது.

15-வது மக்களவையில் 71 சதவிகித மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17-வது மக்களவையில் 16 சதவிகிதம்தான்.

அங்கே கொறடா சட்டம் இல்லை, பிரைமரி இருக்கிறது

அமெரிக்காவைப் புகழ்ந்து தள்ளுவதற்கு முன் மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். 2021 ஜனவரி 6-ல் கேப்பிட்டல் கட்டடத்துக்குள் ட்ரம்ப் ஆதரவுக் கும்பல் புகுந்த பிறகு, ட்ரம்ப் மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சியைச் சேர்ந்த 10 பேர் ஆதரித்தார்கள். செனட்டில் 57 பேர் குற்றவாளி என்றார்கள். அதில் 7 பேர் அவர் கட்சி. ஆனால், தேவை 67. ட்ரம்ப் தப்பினார்.

அந்த 10 பேர் என்ன ஆனார்கள்? நான்கு பேர் மறு தேர்தலில் நிற்கவே இல்லை. நான்கு பேரைச் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்வுத் தேர்தலான பிரைமரியில் கட்சித் தொண்டர்களே தோற்கடித்தார்கள். முன்னாள் துணை அதிபரின் மகளான லிஸ் செனியும் அதில் ஒருவர். இரண்டே பேர் சபைக்குத் திரும்பினார்கள். சாண்டோஸ் போன்ற சின்ன மீனைப் பிடிக்க 105 பேர் துணிந்தார்கள். பெரிய மீன் என்றால் 10 பேர்தான். அங்கே தண்டனை சட்டத்தில் இல்லை, பிரைமரியில் இருக்கிறது. ஆனால், ஒரு வித்தியாசம்: அடுத்த தேர்தல் வரும்வரை கட்சியை மீறியவர் சபையில் உட்கார்ந்து பேசலாம். இங்கே கொறடாவை மீறி ஓட்டுப் போட்ட மறுநாளே பதவிக்கு ஆபத்து.

நிக்சனும் இந்திராவும்: பத்து மாத இடைவெளி

1974 ஜூலை 24-ல், வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்கான ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்று தீர்ப்பளித்தது. அந்த எட்டு பேரில் மூவர் அதிபர் நிக்சனே நியமித்தவர்கள். ஆகஸ்ட் 7 அன்று அவர் கட்சியின் மூத்த தலைவர்கள் கோல்ட்வாட்டர், ஹ்யூ ஸ்காட், ஜான் ரோட்ஸ் மூவரும் வெள்ளை மாளிகைக்குப் போய், செனட்டில் ஆதரவு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆகஸ்ட் 9-ல் நிக்சன் பதவி விலகினார்.

பத்து மாதம் கழித்து, 1975 ஜூன் 12. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றார். பதவியில் இருக்கும் பிரதமருக்கு எதிராக ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி! இந்தியாவின் பெருமை அது. ஆனால், பிரதமரிடம் போய் ‘விலகுங்கள்’ என்று சொல்ல மூன்று பேர் கொண்ட குழு எதுவும் கிளம்பவில்லை. கட்சி அவர் பின்னால் அணிவகுத்தது. ஜூன் 25-ல் நெருக்கடி நிலை. காங்கிரஸுக்குள்ளேயே மாற்றுக் குரல் கொடுத்த சந்திரசேகர் சிறைக்குப் போனார். பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்று அரசியலமைப்பே திருத்தப்பட்டது. கணக்கை 1977 மார்ச்சில் வாக்காளர்கள்தான் தீர்த்தார்கள்.

சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தால் இந்தியாதான் கறார். நம் பிரதமருக்கு வழக்கிலிருந்து விலக்கு கிடையாது. பதவிக்காலத்தில் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் மட்டுமே உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 2024 ஜூலை 1-ல், அதிபரின் அதிகாரபூர்வச் செயல்களுக்குப் பரந்த பாதுகாப்பு உண்டு என்று 6-3 என்ற கணக்கில் சொன்னது. 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று ஜூரி முடிவு செய்த ஒருவர் ஐந்தே மாதத்தில் அங்கே அதிபராகத் தேர்வானார். இங்கே இரண்டு ஆண்டு தண்டனை வந்தாலே எம்.பி. பதவி போய்விடும். 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு அது. அதை அழிக்க மன்மோகன் சிங் அரசு கொண்டுவர முயன்ற அவசரச் சட்டத்தைக் கிழித்தெறிய வேண்டும் என்று முழங்கிய ராகுல் காந்தியே, சூரத் நீதிமன்றத் தீர்ப்பால் 2023 மார்ச்சில் பதவி இழந்தார். குற்றத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகுதான் திரும்பினார்.

பெட்டிச் செய்தி: ஏட்டில் யார் கறார்?

● வேட்பாளர் மீதான வழக்குகள்: இந்தியாவில் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.
● 2024-ல் தேர்வான 543 எம்.பி.க்களில் 251 பேர் தங்கள் மீது குற்ற வழக்குகள் இருப்பதாக அறிவித்தனர். 2009-ல் இது 30 சதவிகிதம், இப்போது 46.
● தகவல் கேட்கும் சட்டம்: அமெரிக்காவில் 1966-ல் வந்தது, ஆனால் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றங்களுக்கும் பொருந்தாது. இந்தியாவின் 2005 சட்டம் நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும்.
● நேருக்கு நேர் கேள்வி: இந்திய அமைச்சர்கள் கேள்வி நேரத்தில் சபையில் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க அதிபர் சபைக்கு வந்து பதில் சொல்லும் வழக்கமே இல்லை.
● குழு விசாரணை: அமெரிக்காவில் சத்தியப் பிரமாணம் வாங்கி, தொலைக்காட்சி முன்னால். இந்தியாவில் மூடிய கதவுக்குள்.

தங்கக் கட்டியும் பதினெட்டு வருடமும்

ஏட்டில் கறாராக இருக்கும் இந்தியா நடப்பில் எங்கே கோட்டை விடுகிறது? காலண்டரில்.

2022 ஜூனில் நியூஜெர்சி செனட்டர் பாப் மெனெண்டஸ் வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனை போட்டது. அலமாரியிலும் பூட்ஸுக்குள்ளும் அவர் பெயர் தைத்த ஜாக்கெட் பைகளிலும் 4.8 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம், கூடவே தங்கக் கட்டிகள். 2023 செப்டம்பரில் குற்றப்பத்திரிகை. 2024 ஜூலையில் 16 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. 2025 ஜனவரியில் 11 ஆண்டு சிறைத் தண்டனை. சோதனையிலிருந்து தண்டனை வரை மூன்று வருடம்கூட ஆகவில்லை.

ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு 1996-ல் கிளம்பியது. பெங்களூருக்கு மாறியது 2003-ல். நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா தீர்ப்பளித்தது 2014 செப்டம்பர் 27-ல். இடையில் அவர் மீண்டும் மீண்டும் முதல்வரானார். 2015-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் அந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது அவர் இறந்தே போயிருந்தார். லாலு பிரசாத்தின் மாட்டுத் தீவன வழக்கில் முதல் தண்டனைக்கு 17 வருடம். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகள் இன்றும் நான்காயிரத்துக்கு மேல் தேங்கிக் கிடக்கின்றன.

தாமதம் ஒரு பக்கம் என்றால், விசாரிப்பவர் யார் கையில் என்பது இன்னொரு பக்கம். சி.பி.ஐ.யைக் கூண்டுக்கிளி என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது காங்கிரஸ் ஆட்சியில். இன்று அமலாக்கத் துறை மீது அதே புகார். தீர்ப்பு வர வருடங்கள் ஆகும். கைது உடனே நடக்கும். அரவிந்த் கெஜ்ரிவால் முதல்வராக இருக்கும்போதே 2024 மார்ச்சில் கைதானார். 30 நாள் காவலில் இருந்தாலே பிரதமர், முதல்வர், அமைச்சர் பதவி போய்விடும் என்று 2025 ஆகஸ்ட்டில் வந்த மசோதாவைக் கண்டு எதிர்க்கட்சிகள் அலறியது இதனால்தான்.

அமெரிக்காவில் வேகமாக வந்த தண்டனையை ஒரு கையெழுத்து அழித்துவிடும். சாண்டோஸுக்கு ஏழு ஆண்டுக்கு மேல் சிறை விதித்தார்கள். மூன்று மாதம்கூட முடியாமல் 2025 அக்டோபரில் ட்ரம்ப் குறைத்துவிட, வெளியே வந்துவிட்டார். ஜனவரி 6 வழக்குகளில் சுமார் 1,500 பேருக்குப் பதவியேற்ற அன்றே மன்னிப்பு. அதற்கு முன் ஜோ பைடன் சொந்த மகனையே மன்னித்தார். கட்சி வேறு, வழக்கம் ஒன்று.

பணம் பேசும் இடம்

2024 பிப்ரவரி 15-ல் தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியல் வெளியானபோதுதான், கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் இருந்தது தெரிந்தது. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு. மொத்தத்தில் அதிகம் வாங்கியது பா.ஜ.க. ஆறு வருடம் வாக்காளர் இருட்டில் இருந்தார்.

அமெரிக்காவில் பணத்துக்கு அணையே இல்லை. நிறுவனங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பிரசாரத்துக்குச் செலவழிக்கலாம் என்று 2010-ல் 5-4 என்று தீர்ப்பு வந்தது. 2024 தேர்தலில் ஈலான் மஸ்க் 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். அடுத்த ஜனவரியில் அரசுச் செலவைக் குறைக்கும் பொறுப்பில் உட்கார்ந்தார். அங்கே பெரும்பகுதிப் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தும் என்ன செய்ய முடிந்தது?

ஃப்ளின்ட் தண்ணீரும் போபால் காற்றும்

இதெல்லாம் கடைசியில் வந்து விழுவது சாமானியன் தலையில். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் நகரத்தின் குடிநீரைச் செலவு மிச்சத்துக்காக ஆற்று நீருக்கு மாற்றினார்கள். பழைய குழாய்களின் ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அதிகாரிகள் சாதித்தார்கள். பிறகு 62.6 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்பந்தம். அதன் பெரும்பகுதி அப்போது சிறுவர்களாக இருந்தவர்களுக்கு. முன்னாள் ஆளுநர் ரிக் ஸ்னைடர் உள்ளிட்டோர் மீதான குற்ற வழக்குகள் நடைமுறைக் கோளாறால் கலைந்தன. ஒரு அதிகாரியும் சிறைக்குப் போகவில்லை.

போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு கசிந்தது அமெரிக்க நிறுவனமான யூனியன் கார்பைடின் ஆலை வாயு. 1989-ல் 47 கோடி டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டது இந்திய அரசு. ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஃப்ளின்ட்டின் மொத்த மக்கள்தொகையே தண்ணீர் மாறியபோது சுமார் ஒரு லட்சம்தான். 2010-ல், 26 வருடம் கழித்து, ஏழு இந்திய அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை, உடனே ஜாமீன். கைதாகி விடுவிக்கப்பட்டு நாடு திரும்பிய தலைவர் வாரன் ஆண்டர்சன், 2014-ல் சாகும்வரை இந்திய நீதிமன்றப் படியேறவில்லை.

இரண்டு இடத்திலும் மேலே இருந்தவர்கள் தப்பினார்கள். ஒரே வித்தியாசம், ஃப்ளின்ட் குழந்தைக்குக் கைக்கு எட்டும் தொகையாவது ஒதுக்கப்பட்டது. போபால் குழந்தைக்கு அதுவும் இல்லை.

பெட்டிச் செய்தி: உங்கள் கையில் உள்ளவை

● வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி. 30 நாளில் பதில் வர வேண்டும்.
● உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்.
● காரணமின்றித் தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம்.
● வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாருக்கும் கிடைக்கும்.

என்ன செய்யலாம்?

அமெரிக்கா நம்மிடம் கற்க வேண்டியது இருக்கிறது. குற்றவாளிக்குத் தேர்தல் தடை, கட்சி சாராத தொகுதி மறுவரையறை ஆணையம், நாடு முழுமைக்கும் தேர்தல் நடத்தும் ஒரே ஆணையம் ஆகிய மூன்றும் தேசிய அளவில் அங்கே இல்லை.

நமக்குத் தேவை இரண்டு. ஒன்று, மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகளுக்குக் கெடு. அது இல்லாமல் தகுதி நீக்கச் சட்டம் வெறும் பூச்சாண்டி. இரண்டு, கோஸ்வாமி குழு சொன்னபடி, அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் ஓட்டுகள் தவிர மற்றவற்றில் கொறடாவின் பிடியைத் தளர்த்துவது. ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் எழுந்து ‘என் தொகுதிக்கு இது ஆகாது’ என்று பதவி பயமில்லாமல் சொல்லும் நாளில், நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்யத் தொடங்கும்.

இதை எந்தக் கட்சித் தலைமையும் தானாகச் செய்யாது. கொறடா எல்லாத் தலைமைகளுக்கும் வசதி. எனவே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் சாலை, தண்ணீரோடு இன்னும் ஒன்றையும் கேளுங்கள்: ‘உங்கள் கட்சி தப்பு செய்தால் சபையில் எழுந்து சொல்வீர்களா? அதற்காகக் கொறடா சட்டத்தைத் திருத்த ஓட்டுப் போடுவீர்களா?’ அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.